கொக்குடோ: சரக்குப் பாதையில் ஒட்டுக்குடித்தனம்

யோகோஹாமா நகரின் கிழக்கு ஓரத்தில், சுருமி வட்டாரத்தில், நான் தினமும் ரயில் ஏறும் நிலையத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. கோயில் பெயரோ பெரிய மனிதர் பெயரோ கூட இல்லை. 'தேசிய நெடுஞ்சாலை' என்பதுதான் அதன் பெயர். ஜப்பானியர் வாயில் 'கொக்குடோ'. டோக்கியோவிலிருந்து யோகோஹாமாவுக்கு வரும் பெரிய சாலையை ரயில் பாதை தாண்டுகிற இடத்தில் 1930-இல் ஒரு நிலையம் கட்டினார்கள். பெயர் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை போலிருக்கிறது, சாலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தச் சாலைக்கு இப்போது பதினைந்தாம் எண்.

கொதிகலன்களையும் அழுத்தக் கலன்களையும் சோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுத் தொழிற்சாலை ஒன்றுக்கு இந்த ரயிலில் போகிறேன். பழைய இரும்பையும் பழைய கான்கிரீட்டையும் பார்த்தால் 'இதற்கு என்ன வயது, எங்கே அடிபட்டது' என்று கேட்கிற கண் தொழிலோடு வந்துவிட்டது. கொக்குடோவில் அந்தக் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. 1930-இல் கட்டிய நிலையம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மாற்றிக் கட்டும் அளவுக்கு இதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஏன் பொருட்படுத்தவில்லை என்பதில்தான் இந்தப் பாதையின் கதையே இருக்கிறது.

முதலில் நிலையத்தைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில் இருண்ட வாய் ஒன்று திறந்திருக்கும். உள்ளே போனால் தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் வளைவுகள் வரிசையாகப் போகின்றன. இரண்டு பக்கமும் கடைகள் இருந்த அறைகள். பாதையைக் கட்டும்போதே கீழே கடைகள் வைக்கும்படி கட்டியது இது. இப்போது பெரும்பாலும் பூட்டிய கதவுகள்தாம். கோழித்துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டும் கடை ஒன்று மாலையில் சிவப்பு விளக்குடன் திறக்கும். நட்டநடுப் பகலிலும் உள்ளே விளக்கு எரிய வேண்டும். தலைக்கு மேல் ரயில் போகும்போது சத்தம் வளைவுகளுக்குள் உருண்டு மறுவாய் வழியாக வெளியேறும். அந்த மறுவாய் சுருமி ஆற்றுப் பக்கம், நமமுகி மீன்கடைத் தெருவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மாடிப்படி ஏறினால் வளைந்த நடைமேடைகள், மேலே வில்லாக வளைத்த இரும்புச் சட்டங்கள். டிக்கெட் கொடுக்கவோ வாங்கவோ ஆள் இல்லை. அட்டையைத் தொட்டுவிட்டுப் போக இடுப்பளவு உயரத்தில் கருவிகள் நிற்கின்றன, உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. அவசரத்தில் தொட மறந்தால் அடுத்த முறை வேறெங்காவது வாயில் மறித்துக்கொள்ளும்.

சுருமி பாதை என்ற இந்தப் பாதை ஒரு மனிதரின் பிடிவாதத்தில் பிறந்தது. அசானோ சோயிச்சிரோ, 1848-இல் ஜப்பான் கடலோரத்து ஹிமி பக்கத்தில் ஒரு வைத்தியர் வீட்டில் பிறந்தவர். ஊரில் தொட்ட வியாபாரம் எல்லாம் நொடித்து, கடன்காரர்களுக்குப் பயந்து 1871-இல் டோக்கியோ வந்து சேர்ந்தார். ஒச்சானொமிசு என்ற இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை கலந்து விற்றது அவருடைய முதல் தொழில். பிறகு யோகோஹாமாவுக்குப் போய் விறகு, கரி என்று பிடித்தார். அங்கே நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் வாயு எடுக்கும் ஆலை இருந்தது. வாயு எடுத்தபின் மிஞ்சும் கல்கரியையும் தாரையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆலைக்காரர்கள் குவித்து வைத்திருந்தார்கள். அசானோ அந்தக் கல்கரியை வாங்கி அரசாங்கத்து சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக விற்றார். கொஞ்ச காலத்தில் அந்த ஆலையையே நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது, அதன்பின் உடைமையும் வந்தது. பின்னால் நின்று தூக்கிவிட்டவர் ஷிபுசாவா எயிச்சி. 2024 முதல் ஜப்பானின் பத்தாயிரம் யென் தாளில் இருக்கும் முகம் அவருடையதுதான்.

1896-இல் கப்பல் கம்பெனி தொடங்கிய அசானோ, அதன் வேலையாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார். அங்கே பெரிய கப்பல்கள் துறைமேடையை ஒட்டி வந்து நிற்பதையும், சரக்கு நேரே கரையில் இறங்கி ரயிலில் ஏறுவதையும் பார்த்தார். திரும்பி வந்தால் யோகோஹாமாவில் கப்பல் தள்ளி நிற்கிறது, தோணியில் சரக்கை இறக்கிக் கரைசேர்க்கிறார்கள். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவே எவ்வளவு பணம் கரைகிறது என்பது கல்கரி விற்றவருக்குத் தெரியாதா? சுருமிக்கும் கவாசாகிக்கும் எதிரே ஆழமில்லாத கடல் கிடந்தது. அதைத் தூர்த்துத் தீவு தீவாக நிலம் உண்டாக்கி, நடுவே கால்வாய்கள் விட்டு, தொழிற்சாலையின் முன்வாசலில் கப்பலும் பின்வாசலில் ரயிலும் வந்து நிற்கும்படி செய்யலாம் என்று 1908-இல் மாகாண நிர்வாகத்துக்கு மனு போட்டார்.

கனவு பெரிது, பணம் எங்கே? யசுடா ஜென்ஜிரோ என்ற வங்கி அதிபரிடம் போனார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுடா மண்டபம் என்று நிற்கிறதே, அதற்குப் பணம் கொடுத்தவர். செலவு செய்வதில் கெட்டி என்று பெயர் வாங்கிய யசுடா, இடத்தைத் தாமே வந்து பார்த்த பிறகுதான் தலையசைத்தார். 1913-இல் வேலை தொடங்கியது. கடலடி மணலை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொட்டும் கப்பல்களைக் கொண்டு, 1928 வாக்கில் ஏறக்குறைய 500 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முடிவைப் பார்க்க யசுடா இல்லை. 1921-இல் ஒய்சோவில் இருந்த தம் வீட்டில் கொலையுண்டு போனார்.

நிலம் வந்தது, ஆலைகள் வந்தன. எஃகுக் குழாய் செய்கிற நிப்பான் கொக்கான், அசானோவின் கப்பல் கட்டும் தளம், கண்ணாடி ஆலை, எண்ணெய்க் கிடங்குகள், மாவு ஆலை, பின்னால் மின்சாதனம் செய்யும் ஷிபவுரா. இவற்றின் சரக்கை வெளியே கொண்டுபோக ஆலைக்காரர்களே சேர்ந்து 1924-இல் சுருமி துறைமுக ரயில்வே என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1926-இல் சரக்கு வண்டி ஓட ஆரம்பித்தது. பயணிகள் வண்டி? அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. வேலைக்காரர்கள் எப்படியோ நடந்து வந்து சேர்ந்துவிடுவார்கள் என்ற கணக்கு. கரையோரமாக ஒரு மின்சார டிராம் 1925-இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 1930-இல் இந்த ரயில்வே அதையும் வாங்கியது. ஏழே வருடத்தில், 1937-இல், டிராமை இழுத்து மூடினார்கள்.

1930 அக்டோபர் 28-ஆம் தேதி பயணிகள் மின்ரயில் ஓடத் தொடங்கியது. கொக்குடோ திறந்ததும் அன்றுதான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 9-ஆம் தேதி அசானோ காலமானார். வயது 82.

இந்தத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சரக்குக்காகப் போட்ட பாதையில் மனிதர்கள் பின்னால் ஒட்டுக்குடித்தனம் வந்தவர்கள். வீட்டுக்காரர் சரக்குதான். சரக்குக்கு எது வசதியோ அதுவே பாதையின் சட்டம். வளைவு எங்கே வர வேண்டும், கிளை எங்கே பிரிய வேண்டும், வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் ஆலை வாசலில் முடிவாயின. இன்றும் காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் அடுத்தடுத்து வண்டி வரும், நடுப்பகலில் காத்துக் கிடக்க வேண்டும். ஓக்காவா என்ற கிளைக்கு வேலை நாள் பகலில் வண்டியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிற வண்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நிலையங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் ஒரு கம்பெனி இயக்குநர் குழுவின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். அசானோ நிலையம் தெரிந்ததே. அன்சென் நிலையம், யசுடா ஜென்ஜிரோவின் பெயரைச் சுருக்கி வைத்தது. முசாஷி-ஷிராயிஷி, அசானோவின் மருமகனும் நிப்பான் கொக்கானை நிறுவியவருமான ஷிராயிஷி மோதோஜிரோ. ஓக்காவா, காகித ஆலைகளால் பேர்பெற்ற ஓக்காவா ஹெய்சாபுரோ, ஷிபுசாவாவின் மனைவி வழி உறவினர். கடைசி நிலையமான ஓகிமாச்சிக்கு அசானோ குடும்பத்தின் விசிறிச் சின்னத்திலிருந்து பெயர். பணம் போட்டவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். மணல் அள்ளியவர், உலை எரித்தவர் ஒருவர் பெயரும் இல்லை. அந்த வகையில் கொக்குடோ பரவாயில்லை, யாருக்கும் சொந்தமில்லாத பெயர்.

ஓக்காவா என்றதும் எனக்கு வேறொரு ஓக்காவா நினைவுக்கு வருகிறார், அவரைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1923 செப்டம்பர் முதல் தேதி பெருநிலநடுக்கம் வந்தபோது சுருமி காவல் நிலையத் தலைவராக இருந்தவர் ஓக்காவா சுனேகிச்சி. கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்று புரளி கிளம்பி, டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் கும்பல்கள் கண்ணில் பட்ட கொரியர்களைக் கொன்றுகொண்டிருந்தன. இந்தத் தூர்ப்பு வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருந்த கொரியர் சுருமியில் நிறைய. ஓக்காவா சுமார் 300 பேரைக் காவல் நிலையத்தில் வைத்து, வாசலில் திரண்ட கூட்டத்தை எதிர்த்து நின்று காப்பாற்றினார். 1953-இல் கொரியர்களே உஷியோதா பக்கத்திலுள்ள தோசென்ஜி கோயிலில் அவருக்கு நினைவுக்கல் நட்டார்கள். நிலையப் பெயர் அவருடையதல்ல, காகித ஆலைக்காரருடையது. என்னைக் கேட்டால் நிலையத்தை இவருக்கு எழுதிவைத்திருப்பேன்.

கொக்குடோ பக்கத்தில் நடந்த பழைய சம்பவம் ஒன்றும் உலக வரலாற்றில் இருக்கிறது. 1862 செப்டம்பரில், நமமுகி கிராமத்தின் வழியாக சத்சுமா பிரபு வம்சத்து ஷிமாசு ஹிசாமித்சுவின் பரிவாரம் போய்க்கொண்டிருந்தது. குதிரையில் எதிரே வந்த பிரிட்டிஷார் நால்வர் ஒதுங்கி வழிவிடவில்லை. ரிச்சர்ட்சன் என்பவர் வாளுக்கு இரையானார். அதற்குப் பதிலடியாக அடுத்த வருடம் பிரிட்டிஷ் கப்பற்படை சத்சுமாவின் ககோஷிமாவைக் குண்டுவீசித் தாக்கியது. 1883-இல் ரிச்சர்ட்சனுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அந்தப் பரிவாரம் போன பழைய தோக்கைதோ சாலையில்தான் மீன்கடைகள் இருக்கின்றன. எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்கு மீன் அனுப்பும் கடமை பெற்ற கிராமங்களில் நமமுகியும் ஒன்று. எதிரே கடல் தூர்ந்து தீவுகளான பிறகும் மீன் வியாபாரம் போகவில்லை. விடிகாலையில் சமையல்காரர்கள் வந்து விலாங்கும் கிளிஞ்சலும் வாங்கிப் போகிறார்கள், மதியத்துக்குள் தெரு காலி.

போருக்கு வருவோம். நெடுஞ்சாலைப் பக்கத்து வாயிலில், வெளிச்சுவரில், கவனித்தால் குழிகள் தெரியும். அமெரிக்க விமானங்கள் தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதன் தடங்கள். கான்கிரீட் தானாக உதிர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, நீளவாக்கில் பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கும், ஓரத்தில் துருக்கறை வடிந்திருக்கும். இந்தக் குழிகள் அப்படியில்லை. வாய் அகன்று உள்ளே குறுகிய கிண்ணங்கள், ஒன்றுக்கொன்று தள்ளி, தெறித்த மாதிரி சிதறிக் கிடக்கின்றன. ஓரங்கள் பல வருட மழையில் மழுங்கியிருந்தாலும், தடவினால் நடுவில் சரளைக்கல் உடைந்த முகம் விரலில் தட்டுப்படும். பக்கத்தில் நாங்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறோம். விளக்கப் பலகையைத் தேடிப் பார்க்கிற பயணி யாரையும் நான் பார்த்ததில்லை.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943 ஜூலையில், அரசாங்கம் இந்த ரயில்வேயை எடுத்துக்கொண்டது. ஆயுதம் செய்யும் ஆலைகள் நிறைந்த பாதையைத் தனியாரிடம் விடுவார்களா? போர் முடிந்த பிறகும் திருப்பித் தரவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1942-இல், கொக்குடோவுக்கும் சுருமிக்கும் நடுவே சோஜிஜி பெருங்கோயிலுக்குப் போகிறவர்களுக்காக இருந்த ஹொன்சான் நிறுத்தத்தை மூடியிருந்தார்கள். அதன் நடைமேடையின் மிச்சத்தை ஓடும் வண்டியிலிருந்து ஒரு நொடி பார்க்கலாம்.

ஆலைகளோடு மனிதர்களும் வந்தார்கள். ஒக்கினாவா தீவுகளிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் சுருமி-ஓனோ, பெந்தென்-பாஷி நிலையங்களுக்கு உட்புறம் நக்காதோரி என்ற தெருவைச் சுற்றிக் குடியேறினார்கள். 1990-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின், முன்பு பிரேசிலுக்கும் பெருவுக்கும் பொலிவியாவுக்கும் போன ஒக்கினாவாக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வேலை தேடி அதே தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால் பன்றி விலா போட்ட ஒக்கினாவா நூடுல்ஸும் தென்னமெரிக்கச் சமோசாவும் அங்கே ஒரே கடையில் கிடைக்கும். மாலை ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் தீர்ப்பு.

சரக்கும் மனிதரும் ஒரே தடத்தில் நெருக்கியடித்ததன் விலையை இந்த வட்டாரம் ஒரு முறை கொடுத்தது. அது எங்கள் பாதையில் அல்ல, பக்கத்துப் பெரிய பாதையில். 1963 நவம்பர் 9 இரவு, சுருமிக்கும் ஷின்-கோயாசுவுக்கும் நடுவே சரக்கு ரயிலின் இரண்டச்சு வேகன் ஒன்று தடம்புரண்டது. அதன்மேல் யோகோசுக்கா பாதையின் பயணிகள் வண்டி ஒன்று மோதி, எதிரே வந்த இன்னொரு பயணிகள் வண்டிக்குள் புகுந்தது. 161 பேர் இறந்தார்கள். வேகன் சரியாக இருந்தது, தண்டவாளம் சரியாக இருந்தது, வேகமும் அளவுக்குள் இருந்தது. எல்லாம் தனித்தனியே சரி, சேர்ந்தபோது தடம்புரண்டது என்பதே விசாரணையின் முடிவு. அதன் பிறகு பழைய பாதை ஒன்றில் வேண்டுமென்றே வண்டிகளைத் தடம்புரளவிட்டுச் சோதித்து, சக்கர விளிம்பின் வடிவத்தையே மாற்றினார்கள். தனித்தனியே சரி என்று கையெழுத்துப் போடும் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த விசாரணை முடிவு ஒரு நாளும் மறப்பதில்லை. சோஜிஜி கோயிலில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

அறுபதுகளுக்குப் பிறகு சரக்கு லாரிக்கு மாறியது. வீட்டுக்காரர் போனபின் ஒட்டுக்குடித்தனக்காரருக்கு என்ன மரியாதை? 1971 மார்ச்சில் சுருமி தவிர இந்தப் பாதையின் நிலையங்களிலிருந்து ஊழியர்களை எடுத்துவிட்டார்கள். கொக்குடோவின் இன்றைய முகம் அன்று அமைந்ததுதான். ஆள் இல்லாத நிலையத்தைப் புதுப்பிக்கக் காசு ஒதுக்குவது யார்? நாட்டின் மற்ற நகர நிலையங்கள் இடிந்து கண்ணாடியும் கடைகளுமாக எழும்பியபோது, இது விடுபட்டுப் போனது. டிக்கெட் சோதனையெல்லாம் சுருமியில், இந்தப் பாதைக்கும் பெரிய பாதைக்கும் நடுவே இருந்த இடைவாயிலில் நடந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஓக்காவா கிளையில் 1996 வரை ஓடிய பழுப்பு நிற ஒற்றைப் பெட்டி வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் இந்தப் பாதையின் குணம் புரியும். போருக்கு முந்தைய வடிவமைப்பு, 17 மீட்டர் நீளம். மற்ற இடமெல்லாம் 20 மீட்டர் பெட்டிகள் வந்தபின்னும் இங்கே அதை மாற்ற முடியவில்லை. காரணம், முசாஷி-ஷிராயிஷியில் கிளைக்கான நடைமேடை அவ்வளவு கூர்மையான வளைவில் இருந்தது, நீளப் பெட்டி போனால் உரசும். வளைவை நிமிர்த்தினார்களா? இல்லை. நடைமேடையை இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓக்காவா வண்டி முசாஷி-ஷிராயிஷியில் நிற்காமல் போகிறது. நிற்க இடமில்லை. பயணிக்காகப் பாதை வளையாது, பாதைக்காகப் பயணிதான் வளைய வேண்டும்.

இன்னொரு கிளையின் முனையில் உமிஷிபவுரா. 1940-இல் திறந்தது. நடைமேடைக்குக் கீழே நேரே கால்வாய்த் தண்ணீர். வெளியே போகும் ஒரே வாசல் தோஷிபா ஆலையின் வாசல், அடையாள அட்டை இல்லாதவர் இறங்கினால் அடுத்த வண்டிவரை நடைமேடைதான் கதி. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பெருகியதால் 1995-இல் கம்பெனியே வாசலுக்கு உள்ளே சிறிய பூங்கா ஒன்று அமைத்துக் கொடுத்தது. ஷோனோ யோரிகோ என்ற எழுத்தாளர் இந்த நிலையத்தை வைத்து எழுதிய கதைக்கு 1994-இல் அகுத்தாகவா பரிசு கிடைத்தது. இந்தப் பாதையில் புகழ்பெற்ற நிலையம் அதுதான். விடுமுறை நாளில் கேமராவுடன் வருகிறவர்கள் எங்கள் கொக்குடோவைத் தாண்டி அங்கேதான் போவார்கள்.

மொத்தம் 13 நிலையம், கிளைகளையும் சேர்த்து 9.7 கிலோமீட்டர். பழைய சரக்கில் இன்னும் மிஞ்சியிருப்பது, அன்சென் நிலையத்திலிருந்து யொகோத்தா அமெரிக்க விமானத் தளத்துக்குப் போகும் விமான எரிபொருள் டாங்கிகள். ஓகிமாச்சியிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு நிலக்கரி கொண்டுபோன வண்டி 2020-இல் நின்றுபோனது. சிமெண்டில் பணம் பண்ணியவர் போட்ட பாதையிலிருந்து சிமெண்ட் ஆலைக்கான கரி போவதும் அத்தோடு முடிந்தது. 2023 செப்டம்பரில், நிப்பான் கொக்கானின் வாரிசான ஜேஎஃப்இ எஃகு நிறுவனம் கெய்ஹின் ஆலையின் கடைசி ஊதுலையை அணைத்தது. அதே வருடம் டிசம்பரில் எங்கள் பாதைக்குப் புத்தம் புதிய மூன்று பெட்டி வண்டி வந்தது. உலை அணைந்த வருடத்தில் புது ரயில்! திட்டம் போடுகிறவர்கள் ஒரே அறையில் உட்காருவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

புது வண்டி வந்திருக்கிறது, அடுத்தது நிலையமாகத்தான் இருக்கும். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அப்படி வந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. 1930-இன் கான்கிரீட் வளைவுகள் ஒரு போரைத் தாங்கியவைதாம், ஆனாலும் அடுத்த பெரிய நிலநடுக்கம் பழம்பெருமை பார்த்து வராது. மாடிப்படி ஏற முடியாத முதியவர்களுக்கு அங்கே மின்தூக்கி கிடையாது. வலுப்படுத்தட்டும், தேவையானால் தூண்களுக்கு எஃகு உறை போடட்டும், விளக்கும் போடட்டும். ஒன்றே ஒன்று, நெடுஞ்சாலைப் பக்கத்துச் சுவரை மட்டும் பூசி மெழுகிவிடாதிருக்கட்டும். குண்டு துளைத்த தடத்தை மூடுவதற்குச் சிமெண்ட் ஒரு மூட்டைகூடச் செலவாகாது, அதுதான் பயமாக இருக்கிறது.

யோகோஹாமாவுக்கு வருகிற தமிழர்கள் சீனத்தெருவையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். யோகோஹாமா நிலையத்திலிருந்து கெய்ஹின்-தோஹொக்கு பாதையில் சுருமிக்கு வந்து, சுருமி பாதைக்கு மாறி, முதல் நிலையத்தில் இறங்குங்கள். 0.9 கிலோமீட்டர்தான் தூரம், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு வாருங்கள், நடைமேடை எதற்காகக் கட்டப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். வெளியே வரும்போது அட்டையைத் தொட மறக்காதீர்கள்.